விரலுக்கு எழுதிய தமிழ்

முதுகலை படிக்கும் மாணவர் ஒருவர் ஔவையாரின் சங்கப் பாடல்களைப் பற்றி ஓர் ஆய்வேடு எழுத முனைந்தார். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். அவருக்கு உதவுகிறேன் என்ற நினைப்பில், நூறாண்டுப் பழமையுள்ள ஓர் ஆய்விதழிலிருந்து நல்ல கட்டுரை ஒன்றைத் தேடியெடுத்து, பிடிஎஃப் கோப்பாக மின்னஞ்சலில் அனுப்பினேன். இருபத்திரண்டு பக்கம். மறுநாள் அவர் தொலைபேசியில் அழைத்தார். "ஐயா, நீங்கள் அனுப்பிய கோப்பில் ஒன்றுமே இல்லை. வெற்றுத்தாள் என்று சொல்கிறது" என்றார்.

எனக்கு விளங்கச் சற்று நேரம் ஆயிற்று. என் கணினியில் கட்டுரை முழுமையாகத் தெரிந்தது. ஆனால் அது எழுத்து அன்று, எழுத்தின் நிழற்படம். அவர் கணினியில் இயங்கும் திரைவாசிப்பான் படத்தைப் படிக்காது; உள்ளே இருக்கும் எழுத்துக் குறியீட்டைத்தான் படிக்கும். குறியீடு எதுவும் இல்லாத அந்த இருபத்திரண்டு பக்கங்களும் அதற்கு வெற்றுத்தாள்களே.

அந்தத் தொலைபேசி அழைப்பிற்குப் பிறகு பார்வையற்றோர் தமிழ் படிக்க வகுக்கப்பட்ட கருவிகளின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். தமிழ் இலக்கியம் பயின்றவன் என்ற முறையில் வெட்கப்பட வேண்டியிருந்தது. எழுத்ததிகாரத்தை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிற எனக்கு, அந்த அதிகாரத்தின் முதன்மையான கேள்வி ஒன்று, எழுத்து என்பது ஒலியா வடிவா என்பது, இந்த வரலாறு முழுவதிலும் உயிருடன் இருந்துவருவது தெரியாமலே இருந்திருக்கிறது.

கதையைப் பாரிஸில் தொடங்க வேண்டும். 1780-களில் வாலந்தீன் ஆயுய் என்பவர் அங்கே பார்வையற்றோருக்கென ஒரு பள்ளி நிறுவினார். நாம் கண்ணால் படிக்கும் அதே ரோமன் எழுத்துகளைத் தாளில் புடைப்பாக அச்சிட்டு, விரலால் தடவிப் படிக்கச் செய்தார். நல்ல மனிதர், நல்ல நோக்கம். ஆனால் அந்த எழுத்துகள் கண்ணுக்காக உருவானவை. மாமல்லபுரத்துக் கற்களில் வெட்டிய எழுத்துகளின்மேல் விரலை ஓட்டிப் பார்த்தவர்களுக்கு இது புரியும். எழுத்து ஒன்று அங்கே இருப்பதை விரல் உடனே உணர்ந்துவிடும். அது எந்த எழுத்து என்று உணர நேரம் ஆகும். கண் ஒரே பார்வையில் வளைவையும் கோட்டையும் சேர்த்து வாங்கிக்கொள்கிறது. விரலோ அவற்றை ஒவ்வொன்றாகத் தொட்டுத்தான் சேர்க்க வேண்டும்.

அடுத்து வந்தவர் சார்ல் பார்பியே. 'இரவெழுத்து' என்று பெயர்பெற்ற அவரது முறை புள்ளிகளால் ஆனது. பிரெஞ்சு மொழியின் ஒலிகளை 36 கட்டங்களாக அடுக்கி, கட்டத்தின் வரிசை எண்ணைப் புள்ளிகளால் குறித்தார். அதாவது எழுத்தை விட்டுவிட்டு ஒலியைப் பிடித்தார். 1821-இல் அம்முறை பாரிஸ் பள்ளிக்கு வந்தபோது லூயி பிரெயிலுக்கு வயது 12. புள்ளி என்ற யோசனை சரி என்று அந்தச் சிறுவனுக்குப் பட்டது. ஆனால் ஒரு குறிக்குப் பன்னிரண்டு புள்ளி வரை போனால் விரல்நுனிக்குள் அடங்காது, ஒலியை மட்டும் எழுதினால் சொல்லின் எழுத்துக்கூட்டு தெரியாது, நிறுத்தக்குறிகளும் இல்லை. புள்ளிகளை ஆறாகக் குறைத்து, ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு குறி என வகுத்து, 1829-இல் நூலாக வெளியிட்டார். ஆறு புள்ளிகளால் 63 குறிகள் கிடைக்கும். எல்லாம் விரலின் ஒரே தொடுகையில் அடங்குபவை.

பள்ளி நிர்வாகம் இதை எளிதில் ஏற்கவில்லை. 1840-களில் பிரெயில் முறைக்கு அங்கே தடை இருந்தது. பழைய புடைப்பெழுத்து நூல்கள் எரிக்கப்பட்டதும் உண்டு. கண்ணுள்ள ஆசிரியர்களால் படிக்க முடியாத எழுத்து என்பது எதிர்ப்புக்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. 1852-இல் பிரெயில் இறந்தார். அரசின் ஏற்பு 1854-இல்தான் வந்தது. கண்ணுள்ளவனுக்கு வசதியான வடிவமே எழுத்து என்ற இந்தப் பிடிவாதத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தமிழிலும் அது திரும்பத் திரும்ப வரும்.

*

இந்தியாவில் பார்வையற்றோருக்கான முதல் பள்ளி 1887-இல் அமிர்தசரசில் ஆனி ஷார்ப் என்ற அம்மையாரால் தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டில் அந்தப் பெருமை பாளையங்கோட்டைக்கு உரியது. சாராள் தக்கர் கல்வி நிலையத்தோடு தொடர்புடைய ஆஸ்க்வித் அம்மையார் அங்கே 1890-இல் பணியைத் தொடங்கினார். கல்கத்தாவில் லால் பிகாரி ஷா 1897-இல் ஒரு பள்ளி நிறுவி, வங்க மொழிக்குத் தனிப் பிரெயில் வகுத்தார். நோல்ஸ், கார்த்வெயிட் என்ற இருவர் 'கீழை பிரெயில்' என்று இந்திய மொழிகளுக்குப் பொதுவாக ஒன்றை முன்வைத்தனர். ஆளுக்கொரு முறை, பள்ளிக்கொரு முறை என்றாயிற்று. ஒரு பள்ளியில் படித்தவர் மற்றொரு பள்ளியின் நூலைப் படிக்க முடியாது.

1940-களில் அரசே ஒரு சீரான இந்திய பிரெயிலை வகுக்க முயன்றது. அதன் புள்ளிகளுக்கும் உலகெங்கும் வழங்கிய பிரெயிலின் ஒலிமதிப்புகளுக்கும் தொடர்பு போதவில்லை என்று எதிர்ப்பு வந்தது. ஆங்கிலமும் படிக்க வேண்டிய ஒரு மாணவன் ஒரே புள்ளிக்கூட்டத்திற்கு இருவேறு ஒலிகளை நினைவில் வைக்க வேண்டுமே என்பது எதிர்த்தவர்களின் வாதம். நியாயமான வாதம்தான்.

1949-இல் இந்திய அரசு யுனெஸ்கோவுக்கு எழுதியது. உலக மொழிகளின் பிரெயில் எல்லாவற்றையும் ஓர் ஒழுங்குக்குள் கொண்டுவர முடியுமா என்பது கேள்வி. விடுதலை பெற்று இரண்டாண்டு ஆன நாடு, பிரிவினையின் காயம் ஆறாத நாடு, இப்படி ஒரு கேள்வியைக் கேட்டிருக்கிறது என்பதை எண்ணும்போது எனக்கு வியப்பாகவே இருக்கிறது. பொறுப்பு சர் கிளூத்தா மெக்கன்சியிடம் வந்தது. நியூசிலாந்துக்காரர், முதல் உலகப்போரில் கலிப்போலியில் பார்வை இழந்தவர், இரண்டாம் உலகப்போரின்போது தேராதூனில் போரில் கண்ணிழந்த இந்திய வீரர்களுக்கான இல்லத்தில் பணியாற்றியவர். 1950 மார்ச்சில் பாரிஸிலும் 1951 பிப்ரவரியில் பெய்ரூட்டிலும் கூட்டங்கள் நடந்தன. மொழியியல் அறிஞர் சுநீதி குமார் சட்டர்ஜியும் இப்பணியில் பங்கேற்றார். அவற்றின் பயனாக 1951-இல் பாரதி பிரெயில் ஏற்கப்பட்டது. இலங்கையும் சிங்களத்திற்கும் தமிழுக்கும் இதன் அடிப்படையையே கொண்டது. அதே 1951-இல் தேராதூனில் மத்திய பிரெயில் அச்சகம் நிறுவப்பட்டது.

அவர்கள் எடுத்த முடிவு எளிமையானது. எந்த மொழியானாலும் ஒரே ஒலிக்கு ஒரே புள்ளிக்கூட்டம். ஆங்கிலத்தின் 'கே' எழுத்துக்கு உரிய 1, 3 ஆம் புள்ளிகள் தமிழில் க. இந்தியிலும் மலையாளத்திலும் அதுவே ககரம். கண்ணுள்ள தமிழர் மலையாள எழுத்தைக் கற்கப் புதிதாக உட்கார வேண்டும். பாரதி பிரெயில் அறிந்த தமிழ் மாணவர் மலையாள நூலின் பெரும்பகுதியைப் பொருள் தெரியாமலேனும் ஒலித்துவிடுவார்.

இங்கே தமிழாசிரியன் சற்று நின்று பார்க்க வேண்டும். தமிழில் 247 எழுத்து என்று குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். தொல்காப்பியர் கணக்கில் முதலெழுத்து முப்பதுதான்: உயிர் 12, மெய் 18. உயிர்மெய் என்பது இவற்றின் கூட்டம். அதில் மெய் முன்னும் உயிர் பின்னும் ஒலிக்கும் என்பது நூன்மரபு கூறும் செய்தி. ஆனால் நாம் எழுதும்போது என்ன செய்கிறோம்? 'கெ' என்று எழுதினால் உயிர்க்குறியாகிய கொம்பு ககரத்தின் முன்னால் நிற்கிறது. 'கொ' என்றால் ஓர் உயிரே இரண்டாகப் பிளந்து ககரத்தின் இருபுறமும் நிற்கிறது. பழகிவிட்டதால் இதன் விந்தை நமக்குத் தெரிவதில்லை. என் மாணவர் ஒருமுறை கேட்டார்: "ஐயா, ஒலிக்கும்போது பின்னால் வருகிற எகரத்தை நீங்கள் ஏன் முன்னால் எழுதுகிறீர்கள்?" நான் சுவடி, எழுத்தாணி, எழுத்து வடிவ வரலாறு என்று ஏதோ சொன்னேன். அவர் கேட்டதற்கு அது விடையாகாது என்று சொல்லும்போதே தெரிந்தது.

பிரெயிலில் 'கொ' என்பது க, அதன்பின் ஒ. இரண்டே குறி, ஒலிக்கும் வரிசையில். 'கொடை' என்றால் க, ஒ, ட, ஐ. கொம்பு, கால், சுழி எதுவும் இல்லை. முப்பது குறிகளோடு ஆய்தம், புள்ளி, சில வடவெழுத்து என ஏறத்தாழ நாற்பதுக்குள் முழுத் தமிழும் அடங்கிவிடுகிறது. மெய்யை அடுத்து உயிர் எழுதினால் அது தனியுயிரா, உயிர்மெய்யா என்ற மயக்கம் வராதா என்று இலக்கணம் அறிந்தவர் கேட்கலாம். தமிழ் மரபில் சொல்லின் நடுவே தனியுயிர் வருவது அளபெடையில்தான். அதுவும் நெடிலை அடுத்தே வரும். ஆகவே மயக்கம் இல்லை. வேறு மொழிகளுக்கு இதற்கென ஒரு தீர்வு வேண்டியிருந்தது. தமிழுக்கு அதை இலக்கணமே முன்கூட்டிச் செய்துவைத்திருந்தது.

குறை ஒன்றும் உண்டு. பாரதி பிரெயிலில் வெறும் க என்பது அகரம் ஏறிய ககரம். மெய்யைக் காட்ட வேண்டுமானால் அதற்கு முன்னால் 4 ஆம் புள்ளி தனிக் குறியாக வர வேண்டும். விரல் இடமிருந்து வலமாகப் போவதால் புள்ளி முன்னால் வருவது சரியே. இனி வருவது மெய் என்று முன்னறிவிப்பதுபோல. ஆனால் வடமொழிகளில் மெய்ம்மயக்கம் கூட்டெழுத்தாகிவிடும் இடங்களில் தமிழ் ஒவ்வொரு மெய்யையும் புள்ளியிட்டுத் தனியே எழுதுகிற மொழி. 'எழுத்து' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அச்சில் நான்கு எழுத்து. பிரெயிலில் எ, ழ, உ, புள்ளி, த, த, உ என ஏழு குறிகள். ஒரு வரிக்கு நாற்பது குறிகள் என்றால் ஐந்தாறு சொல்லோடு வரி முடிந்துவிடும். தொல்காப்பியர் சொன்னபடி மெய்யையே அடிப்படையாக வைத்திருந்தால் தமிழ்ப் பிரெயில் நூல்கள் இன்னும் மெலிந்திருக்கும் என்பது என் எண்ணம். பொதுமைக்காகத் தமிழ் கொடுத்த விலை அது. ஆனாலும் அந்தப் பொதுமை இல்லாமல் நூலே அச்சாகியிருக்காது என்பதையும் சொல்ல வேண்டும்.

ஒரு சுவையான செய்தி. 1978-இல் தமிழக அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலிய 13 எழுத்துகளின் வடிவத்தை மாற்றியது. ஆதரவும் எதிர்ப்புமாக நம் இதழ்களில் எவ்வளவு மை செலவாயிற்று! பிரெயிலில் ஒரு புள்ளிகூட இடம் மாறவில்லை. மாறியது ஒலி அன்று, கண்ணுக்கான கோலம் மட்டுமே.

இந்தப் பகுதிகளில் தலைமுறை தலைமுறையாகப் பிரெயில் கற்பித்த இடம் பூவிருந்தவல்லி. இன்று திருவள்ளூர் மாவட்டம். பழைய கணக்கில் எங்கள் செங்கல்பட்டு மாவட்டம். அரசுப் பார்வையற்றோர் பள்ளியும் மண்டலப் பிரெயில் அச்சகமும் அங்கே இயங்கின. பிரெயில் தட்டச்சுக்கு உலகெங்கும் புகழ்பெற்ற பெர்கின்ஸ் பொறி, அதுவும் 1951-இல் வந்தது, பிற்காலத்தில் காட்பாடியில் வொர்த் டிரஸ்டின் தொழிற்கூடத்தில் உருவாகத் தொடங்கியது. தொழுநோயிலிருந்து மீண்டவர்களுக்கு மறுவாழ்வு தரத் தோன்றிய நிறுவனம் அது.

*

இனிக் கணினிக்கு வருவோம். தமிழைக் கணினியில் ஏற்றியவர்கள் முதலில் செய்தது ஆயுய் செய்ததைத்தான். கண்ணுக்குத் தெரியும் வடிவத் துண்டுகளுக்கு எண் கொடுத்தார்கள். கொம்புக்கு ஓர் எண், காலுக்கு ஓர் எண். 'கொ' என்பதைக் கொம்பு, க, கால் என மூன்று துண்டாகச் சேமித்தார்கள், தட்டச்சுப் பொறியில் அடிப்பதுபோல. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு இதில் ஒரு வேடிக்கை. அங்கே உருவான தமிழ்99 விசைப்பலகை மெய்யை முதலிலும் உயிரைப் பின்பும் அடிக்கச் சொன்னது, காதின் வரிசை. அதே மாநாட்டை ஒட்டி வந்த டாம், டாப் குறியீடுகளோ வடிவத் துண்டுகளைக் கண்ணின் வரிசையில் சேமித்தன. விரல் ஒலியை அடிக்க, பெட்டி வடிவத்தை வைத்துக்கொண்டது.

திரையில் பார்ப்பவருக்கு வேறுபாடு இல்லை. கணினியே வாய்விட்டுப் படிக்க வேண்டும் என்று வரும்போதுதான் வேறுபாடு தெரிகிறது. எழுத்துருவுக்கு எழுத்துரு எண்கள் வேறு. எழுத்துரு என்பதையே அறியாத திரைவாசிப்பானுக்கு அந்தப் பக்கங்கள் பொருளற்ற ரோமன் எழுத்துக் குவியல்.

சென்னை ஐஐடியில் பேராசிரியர் ஆர். கல்யாண கிருஷ்ணனின் கணினி ஆய்வகம் வேறு வழியில் சிந்தித்தது என்பதை இங்கே பதிவு செய்ய வேண்டும். அவர்களுடைய பன்மொழித் தொகுப்பான், வடிவத் துண்டுகளை விட்டு, அசையை அலகாகக் கொண்டு சேமித்தது. 'கொ' அங்கே ஓர் அலகு. அதனால் அதே கோப்பைத் திரையில் எழுத்தாகக் காட்டலாம், பாரதி பிரெயிலாக மாற்றலாம், ஒலியாகவும் வெளியிடலாம். சாதாரண விசைப்பலகையின் ஆறு விசைகளைப் பிரெயில் பொறியாகப் பயன்படுத்தும் வசதியும் இருந்தது. 'ஆசார்யா' என்ற இணையதளத்தில் இவை விளக்கப்பட்டன. காவல்துறையில் உயர்பதவி வகித்து ஓய்வுபெற்ற என். கிருஷ்ணசுவாமி நிறுவிய வித்யா விருக்ஷா அமைப்பு சென்னையில் பார்வையற்ற மாணவர்களுக்கு இம்மென்பொருளைக் கற்றுக்கொடுத்தது. உலகத் தரமாக ஒருங்குறி நிலைபெற்றதால் அந்தத் தனிவழி பின்தங்கிப்போயிற்று. ஆனால் அசையே அலகு என்ற எண்ணம் வீணாகவில்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

1991-இல் வெளிவந்த ஒருங்குறி இந்தியத் தரமான இஸ்கியைப் பின்பற்றி, மெய் முன், உயிர்க்குறி பின் என்ற வரிசையைக் கொண்டது. 2003-ஐ ஒட்டி வலையில் தமிழ் எழுதத் தொடங்கியவர்களுக்கு நினைவிருக்கும்: பழைய விண்டோசில் கொம்பு இடம்மாறி எழுத்துச் சிதறித் தெரியும். ஒருங்குறி தமிழைக் கெடுக்கிறது என்று அன்று நடந்த வாதங்களில் நானும் ஓரமாக நின்று கைதட்டியவன். பார்வையற்ற வாசகர் ஒருவர் அந்தக் கூட்டத்தில் இருந்திருந்தால் அவர் மறுபக்கம் நின்றிருப்பார் என்பது அப்போது தோன்றவில்லை.

2006-இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன், ஜேம்ஸ் டே என்ற பார்வையற்ற இளைஞர் இருவர் என்விடிஏ என்ற திரைவாசிப்பானை உருவாக்கி இலவசமாக வெளியிட்டனர். அதுவரை பெரிதும் பயன்பட்ட ஜாஸ் மென்பொருளின் விலை நம் கல்லூரி மாணவர் எவராலும் எட்ட முடியாதது. என்விடிஏ-வோடு ஈஸ்பீக் என்ற இலவச ஒலிப்பானும் வந்தது. அது தமிழ் பேசியது. இயந்திரக் குரல்தான், நம் காதுக்குக் கரகரப்புத்தான். ஆனால் பேசியது.

தமிழை ஒலிக்கச் செய்வதில் ஒரு முடிச்சு உண்டு. நம் ககரம் ஒன்றே, ஒலி பல. 'கல்' என்பதிலும் 'பக்கம்' என்பதிலும் வல்லொலி, 'தங்கம்' என்பதில் இன்னோர் ஒலி, 'அகம்' என்பதில் மற்றொன்று. இதற்கு விதி இருப்பதால் இயந்திரத்திற்குக் கற்பித்துவிடலாம். 'காந்தி' என்றும் 'பஸ்' என்றும் வந்தால் விதி உதவாது. அவற்றைத் தனித்தனியே சொல்லிக்கொடுக்க வேண்டும்.

கல்பாக்கம் என்றதும் வெளியூர் நண்பர்களுக்கு அணு ஒன்றே நினைவுக்கு வரும். இங்கிருந்து மாமல்லபுரம் போய்ப் பழைய மாமல்லபுரம் சாலையில் திருப்போரூரைத் தாண்டினால் காலவாக்கம். அங்குள்ள எஸ்எஸ்என் பொறியியல் கல்லூரியின் பேச்சொலி ஆய்வகத்தில்தான், டி. நாகராஜன், பி. விஜயலட்சுமி ஆகியோரின் வழிகாட்டலில், தமிழ்க் குரலுக்கான ஆய்வுகளில் முக்கியமான சில நடந்தன. சென்னை ஐஐடியின் ஹேமா மூர்த்தி தலைமையில், மத்திய அரசின் நிதியுதவியோடு, பல நிறுவனங்கள் கூடி இந்திய மொழிகளுக்குக் குரல் உருவாக்கிய திட்டத்தில் அக்கல்லூரி பங்கு பெற்றது. மனிதக் குரலைப் பல மணி நேரம் பதிவு செய்து, அதை அசைகளாகப் பிரித்து, வேண்டிய அசைகளை எடுத்துக் கோத்துப் புதிய வாக்கியம் ஒலிக்கச் செய்வது அத்திட்டத்தின் தொடக்க வழி. இந்திய மொழிகளின் இயல்பான அலகு அசையே என்பது அதன் அடிப்படை. யாப்பிலக்கணம் படித்த எவரும் இதைக் கேட்டுப் புன்னகை செய்வார். அந்தக் குரல்கள் என்விடிஏ-வோடும் லினக்சின் ஆர்க்கா வாசிப்பானோடும் இணைக்கப்பட்டன. அந்தச் சாலையில் எத்தனையோ முறை பேருந்தில் போயிருக்கிறேன். அங்கே தமிழ் பேசப் பழகிக்கொண்டிருந்தது தெரியாது.

பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ஏ. ஜி. ராமகிருஷ்ணனின் குழு மறுமுனையிலிருந்து வந்தது. தமிழ் ஒலிப்பானோடு, அச்சுப் பக்கத்தின் படத்தைப் பார்த்து எழுத்தை அறியும் எழுத்துணரியையும் உருவாக்கியது. வொர்த் டிரஸ்ட் அதைப் பயன்படுத்தி அச்சு நூல்களைப் பிரெயிலாக்கியது. எழுத்துணரிக்கு வடிவம்தானே எல்லாம்? ஆகவே 1978-க்கு முந்திய நூல்களில் பழைய ணை, லை வடிவங்கள் வரும்போது, புதிய வடிவம் பழகிய எழுத்துணரி தடுமாறும். பிரெயிலைத் தொடாத சீர்திருத்தம் இங்கே வந்து வழிமறிக்கிறது.

*

இவ்வளவு கருவிகள் வந்தபின் சிக்கல் தீர்ந்ததா? இரண்டு இடங்களில் தீரவில்லை. ஒன்று ஆசிரியர்கள் கவலைப்பட வேண்டியது; மற்றொன்று இந்தப் பக்கத்தைப் படிக்கும் நாம் எல்லோரும்.

முதலாவது. இன்று கைப்பேசியே தமிழைச் சரளமாகப் படித்துச் சொல்கிறது. அதனால் பிரெயில் கற்பது குறைகிறது. கேட்டுத் தெரிந்துகொள்ளலாம், எதற்காகத் தடித்த தாள் மூட்டைகளைச் சுமப்பது என்று கேட்கிறார்கள். ஆனால் தந்நகரத்தையும் றன்னகரத்தையும் காதால் பிரிக்க முடியுமா? இன்றைய பேச்சில் இரண்டும் ஒன்றே. ரகரமும் றகரமும் பெரும்பாலான வட்டாரங்களில் ஒன்றாகிவிட்டன. பிரெயிலில் ந என்பது 1, 3, 4, 5 ஆம் புள்ளிகள்; ன என்பது 5, 6. விரலுக்கு அவை தொடர்பே இல்லாத இரண்டு எழுத்துகள். பார்பியேயின் ஒலிமுறையை விட்டுச் சிறுவன் பிரெயில் எழுத்துக்கூட்டைத் தேடியதன் காரணம் இதுவே. காதால் மட்டுமே படித்த மாணவரின் தேர்வுத் தாளைச் சொல்வதெழுதுபவர் எழுதிக்கொடுத்துவிடுவதால் இந்தக் குறை வெளியில் தெரிவதில்லை. அவர் ஆசிரியராகிக் கரும்பலகை முன் நிற்கும் நாளில் தெரியும். பிரெயில் குறிகளைத் தாள் இல்லாமல் ஊசிமுனைகளால் எழுப்பிக் காட்டும் கருவிகள் இன்று உண்டு. 2016-ஐ ஒட்டி வந்த ஆர்பிட் ரீடர் அவற்றின் விலையை வெகுவாகக் குறைத்தது. நம் ஒருங்குறிக் கோப்பு அதில் பாரதி பிரெயிலாக விரலுக்கு வரும். ஆனால் கோப்பில் உள்ளது எழுத்தாக இருக்க வேண்டும். சரியான எழுத்தாகவும் இருக்க வேண்டும்.

இரண்டாவதற்கு வந்துவிட்டேன். நம் நண்பர்கள் பலர் அரிய நூல்களையும் சிற்றிதழ்களையும் தேடித் தேடி ஸ்கேன் செய்து வலையேற்றுகிறார்கள். நானும் செய்திருக்கிறேன். பெரிய தொண்டு என்று ஒருவரையொருவர் பாராட்டிக்கொள்கிறோம். அவை அனைத்தும் என் மாணவருக்கு வெற்றுத்தாள். மறுபுறம், சுவிட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரம் 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம், படமாக வைக்காமல் எழுத்தாகவே தட்டச்சு செய்தது. உலகெங்குமுள்ள தன்னார்வலர்கள் சங்க இலக்கியம் முதல் தனிப்பாடல் வரை இரவு விழித்து அடித்துச் சேர்த்தார்கள். பார்வையற்றோரை முன்னிட்டுத் தொடங்கிய பணி அன்று அது. ஆனாலும் ஒருங்குறிக்கு மாறிய அன்றே அந்த நூலகம் முழுவதும் அவர்களுக்குத் திறந்துகொண்டது. தமிழ் விக்கிமூலத்தில் நாட்டுடைமை நூல்கள் இரண்டாயிரத்துக்கும் மேல் படமாக வந்தபோது, எழுத்துணரியால் அவற்றை எழுத்தாக்கி, வரிவரியாகப் பிழைதிருத்தி வருகிறார்கள். அதில் ஒரு பக்கம் திருத்துவது ஒரு கவிதைத் தொகுப்புக்கு மதிப்புரை எழுதுவதைவிடக் குறைந்த வேலையல்ல.

பதிப்பாளர்களின் நிலை வேறு. கணினியிலேயே பிறந்த நூல்கூடப் பழைய எழுத்துருவில் பக்கம் கட்டப்பட்டால், அதன் பிடிஎஃப்பிலிருந்து வெளிவருவது புரியாத குறிகள்தான். பதிப்புரிமை அச்சம் இனிக் காரணமாகாது. 2012-இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம், மாற்றுத்திறனாளிகள் படிக்கும் வடிவில் ஒரு நூலை ஆதாயம் கருதாமல் மாற்றித் தருவதை மீறலாகக் கொள்வதில்லை. 2013-இல் மராகேஷில் கையெழுத்தான உலக உடன்படிக்கைக்கு முதலில் ஏற்புறுதி அளித்த நாடு இந்தியாதான், 2014-இல். 2016-இல் சுகம்ய புத்தகாலயா என்ற இணைய நூலகமும் வந்தது. கதவைத் திறந்துவைத்துவிட்டு, உள்ளே வைக்க நூல் தேடுகிற நிலை.

நம் தட்டச்சிலும் ஒரு பழைய பாவம் இருக்கிறது. ஔகாரம். தட்டச்சுப் பொறிக் காலத்தில் ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து அடித்து ஔ என்று வைத்துக்கொண்டோம். கண்ணுக்கு வேறுபாடில்லை. கணினியிலும் அதையே செய்கிறோம்: ஒள, கெள. திரைவாசிப்பான் உள்ளபடியே படிக்கிறது. கௌரவம் கெ-ள-ரவம் ஆகிறது. பிரெயிலில் ஔ என்பது 2, 4, 6 ஆம் புள்ளிகள் கொண்ட ஒரே குறி; தவறாக அடித்தால் அங்கே இரண்டு வேறு எழுத்துகள் வந்து நிற்கும்.

அந்த இருபத்திரண்டு பக்கக் கட்டுரையை நானும் என் வகுப்பு மாணவியர் மூவரும் பிரித்துக்கொண்டு தட்டச்சு செய்தோம். பழைய அச்சு, சிதைந்த ஓரங்கள், வடமொழி கலந்த நீண்ட வாக்கியங்கள். எழுத்துணரி கொடுத்த வரைவைத் திருத்துவதைவிடப் புதிதாக அடிப்பதே எளிதாக இருந்தது. ஒன்பது நாள் ஆயிற்று. மூன்று முறை ஒப்புநோக்கி, பிழையில்லை என்று உறுதி செய்துகொண்டு அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து மாணவர் நன்றி சொல்லி எழுதினார். கீழே, தாம் கண்ட பிழைகள் என்று பணிவாக ஒரு பட்டியல், முப்பத்தொரு இடம். முதல் வரியில், கட்டுரை முழுவதும் ஔவையாரின் பெயரை நாங்கள் ஒகரமும் ளகரமுமாகவே அடித்திருக்கிறோம் என்று எழுதியிருந்தார்.